நம் தெருவுக்கு அடியில் ஓர் உப்பங்கழி

ஜூலை பிறந்துவிட்டால் ஊரிலிருந்து தொலைபேசி வருவதும் ஆரம்பமாகிவிடும். "டி.வி.யில கிங்ஸ் சர்க்கிளைக் காட்டறானே, இடுப்பளவு தண்ணி நிக்கறது! நீங்கள்லாம் சௌக்கியம்தானே?" என்று கும்பகோணத்திலிருந்து அத்தை கேட்பாள். "சௌக்கியம்தான் அத்தை, சாயங்காலத்துக்குள்ள வடிஞ்சுடும்" என்று நாமும் சொல்லிவிட்டு வைப்போம். பல வருஷங்களாக இதே கேள்வி, இதே பதில்.

ஒரு முறை அத்தை விடுவதாக இல்லை. "அது ஏண்டா வருஷா வருஷம் அதே இடத்துல நிக்கறது? கொலாபாவுல நின்னதா யாரும் காட்டக் காணோமே?" என்று கேட்டாள். "இங்கே சாக்கடை சரியில்லை" என்று சொன்னேன். நாம் எல்லோரும் சொல்லும் பதில் அதுதான். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி பழைய தேசப்படங்களில் இருக்கிறது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று நாம் குடியிருக்கும் இடங்கள் நாம் வருவதற்கு முன் எப்படி இருந்தன என்பதை அந்தப் படங்களை இன்றைய படத்தின் மேல் விரித்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அப்படிப் பார்க்கும் வசதி இன்று வீட்டுக் கணிப்பொறியிலேயே வந்துவிட்டது.

அளவு ரவிக்கையும் குண்டூசியும்

என் தம்பி மகன் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தவனிடம் அத்தையின் கேள்வியைச் சொன்னேன். "பெரியப்பா, பழைய பம்பாய்ப் படம் ஒண்ணை எடுத்துப் புதுப் படத்து மேலே போட்டுப் பார்த்துடலாமே" என்றான். பழைய படங்களுக்காக அருங்காட்சியகக் கதவைத் தட்ட வேண்டிய காலம் போய்விட்டது. லண்டன் பிரிட்டிஷ் நூலகம், அமெரிக்காவின் டேவிட் ரம்ஸி சேகரிப்பு போன்றவை தங்களிடமுள்ள ஆயிரக்கணக்கான படங்களைக் கணிப்பொறி வழியே யாரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அவற்றை இன்றைய பூமியின் மேல் பொருத்தும் மென்பொருள்களும் உண்டு. 2002ல் தொடங்கப்பட்ட கியூ.ஜி.ஐ.எஸ். போன்றவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தையற்காரரை வைத்துச் சொல்லலாம். அளவு ரவிக்கையைப் புதுத் துணியின் மேல் விரித்து, தோள், கழுத்து, கக்கம் என்று நகராத இடங்களாகப் பார்த்துக் குண்டூசி குத்துவார். அதேபோலப் பழைய படத்தில் ஓர் இடத்தைச் சுட்டி, அந்த இடம் இன்றைய படத்தில் எங்கே இருக்கிறது என்று கணிப்பொறிக்குக் காட்ட வேண்டும். குறைந்தது மூன்று இடங்கள் தேவை. பத்து, பன்னிரண்டு இடங்களைப் படம் முழுவதும் பரவலாகக் காட்டினால் நல்லது. பிறகு கணிப்பொறி கணக்குப் போட்டு, பழைய படத்தைத் திருப்பி, இழுத்து, சுருக்கிப் புதியதன் மேல் உட்கார வைக்கும். ஒவ்வொரு குண்டூசியும் எத்தனை மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்ற கணக்கையும் கொடுக்கும்.

முதல் முயற்சியில் நான் சொதப்பினேன். மாஹிம் பக்கத்துக் கடற்கரை வளைவு ஒன்று இரண்டு படத்திலும் ஒரே மாதிரி தெரிந்ததால் அங்கே ஒரு ஊசியைக் குத்தினேன். படம் முழுவதும் ஈரத் துணியைப் பிழிந்தாற்போல் முறுக்கிக்கொண்டது. "கரை நகர்ந்திருக்கான்னு கண்டுபிடிக்கத்தானே உட்கார்ந்திருக்கோம்? அதையே நகராததுன்னு சொன்னா எப்படி?" என்று பையன் சிரித்தான். நகராதவை கோட்டைகளும் குன்றுகளும்தாம். சயான் கோட்டை, மாஹிம் கோட்டை, வொர்லி கோட்டை, தாராவிக்குள் காலா கில்லா என்று நாம் சொல்லும் ரீவா கோட்டை, ஆன்டாப் ஹில் என்று ஊசிகளைக் குத்திய பிறகு படம் அமைதியாக உட்கார்ந்தது.

பொருந்தாத இடமும் பேசும்

இந்த வித்தையை மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மிகப் பழைய படங்களின் மேலும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு நகரத்து போட்லியன் நூலகத்தில் சுமார் 600 ஆண்டுகளுக்கு முற்பட்ட பிரிட்டன் படம் ஒன்று இருக்கிறது. அதைச் சேகரித்து வைத்திருந்த ரிச்சர்ட் காஃப் என்பவரின் பெயரால் அது காஃப் வரைபடம் எனப்படுகிறது. அதில் வடக்குக்குப் பதில் கிழக்குத் திசை மேலே இருக்கும். பெல்ஃபாஸ்டில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் லில்லி, கிறிஸ் லாயிட் ஆகியோர் அதிலுள்ள ஊர்களைக் கணிப்பொறியில் இன்றைய ஊர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் சில வட்டாரங்கள் வியக்கத்தக்கபடி பொருந்தின. ஸ்காட்லாந்து பொருந்தவே இல்லை. அந்தப் பிழையும் ஒரு தகவல்தான்: வரைந்தவர்களுக்கு எந்தப் பகுதி நன்றாகத் தெரிந்திருந்தது, எந்தப் பகுதி காதில் விழுந்த செய்தி மட்டும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

நம் பக்கத்தைக் காட்டும் பழம் படங்களுக்கும் இது பொருந்தும். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி ஊர்களின் பெயர்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியலிட்டார். அந்தப் பட்டியலை வைத்து இடைக்காலத்தில் ஐரோப்பாவில் படங்கள் வரைந்தார்கள். அவற்றில் முசிறி உண்டு, கொற்கை உண்டு, காவிரிப்பூம்பட்டினம் உண்டு. ஆனால் தீபகற்பத்தையே காணோம்! மேற்குக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்கே இறங்காமல், ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் படுத்துக் கிடக்கிறது. இலங்கையோ பிரம்மாண்டமாக ஊதியிருக்கிறது. மாலுமிகள் சொன்ன ஊர்ப் பெயர்கள் சரி, வரிசை பெரும்பாலும் சரி, திசைதான் தவறு. வியன்னாவில் உள்ள பியூட்டிங்கர் படம் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பிரதி எடுக்கப்பட்டது. ஆறரை மீட்டருக்கும் மேல் நீளமான அந்தத் தோல் சுருளில் ரோமாபுரியின் சாலைகள்தாம் முக்கியம். இந்தியா ஒரு கோடியில் நசுங்கிக் கிடக்கிறது. அதிலும் முசிறி இருக்கிறது. 1154ல் சிசிலி மன்னர் ரோஜருக்காக அல் இத்ரிஸி தயாரித்த நூலில் நம் பக்கத்துத் தாணாவும் இடம்பெறுகிறது. அவருடைய படங்களில் தெற்குத்தான் மேலே.

தாலமி சொன்ன 'ஹெப்டனேசியா', அதாவது ஏழு தீவு, நமது பம்பாய்தான் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அது ஓர் ஊகமே தவிர முடிந்த முடிவல்ல. செம்பூர் அன்பர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அரபுப் பயணிகள் 'ஸைமூர்' என்றும், தாலமி 'ஸிமில்லா' என்றும் குறித்த துறைமுகம் நமது செம்பூரே என்று ஒரு கட்சி உண்டு. அலிபாக்குக்குத் தெற்கே உள்ள சௌல் துறைமுகம்தான் அது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கணிப்பொறி இந்த வழக்கைத் தீர்த்து வைக்குமா? வைக்காது. தாலமியின் படமே இந்த வட்டாரத்தில் பல மைல் பிசகியிருக்கும்போது, அதன்மேல் எத்தனை ஊசி குத்தினாலும் இரண்டு பக்கத்து ஊர்களில் எது என்று சொல்ல முடியாது. எந்தப் படத்திடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

தெருவளவு கேள்விக்கு, நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்த படம் வேண்டும். அந்த வகை அளவையின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1802ல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கும் பெரும் பணி வளர்ந்தது. குன்று இல்லாத காவிரிச் சமவெளியில் அவருக்குக் கோயில் கோபுரங்களே குன்றுகளாக உதவின. 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி மோதிச் சேதமடைந்தது. அதைத் தம் கையாலேயே செப்பனிட்டுக்கொண்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயிலும் நிலவரிக்காகத் தீவை அளக்கும் வேலை நடந்தது. 1811ல் தொடங்கிய அந்த அளவையை தாமஸ் டிக்கின்சன் நடத்தினார். பின்னர் 1865 முதல் 1872 வரை கர்னல் லாட்டன் இன்னும் நுணுக்கமாக அளந்தார். நம் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவை இப்படிப்பட்ட படங்களே.

ஏழு தீவா, ஒரு தீவா?

மும்பையில் வளரும் எந்தக் குழந்தையும் ஏழு தீவுகளின் பெயரை ஒப்பிக்கும்: கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம். பாடப்புத்தகத்தில் நீலக் கடலில் பச்சைத் தீவுகளாக அழகான படமும் உண்டு. ஆனால் அது அந்தக் காலத்தவர் வரைந்த படமல்ல. பின்னால் வந்தவர்கள் யோசித்து வரைந்தது. பம்பாயில் தங்கியிருந்த ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ரையர் 1698ல் வெளியிட்ட நூலில் உள்ள படத்தில், கடல்நீர் உள்ளே புகுந்து கிடக்கும் ஒரே தீவைத்தான் பார்க்கிறோம்.

இரண்டுமே பொய்யல்ல. மும்பைக் கடல் சாதாரணக் கடல் இல்லை. பெரிய ஏற்றத்தின்போது நீர்மட்டம் நான்கரை மீட்டருக்கு மேலும் உயர்கிறது; அந்த நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிப்பதைப் பார்க்கிறோம். நீர் ஏறினால் ஏழு தீவு. இறங்கினால் சேற்றில் நடந்து கடக்கக்கூடிய ஒரு தீவு. ஆகவே பழைய படத்தில் கரைக்கோட்டைப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: வரைந்தவர் பார்த்தபோது கடல் ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா?

இந்தக் கோட்டின் மேல் ராஜ்ய வழக்கே நடந்திருக்கிறது. 1661ல் போர்த்துகீசிய இளவரசி காதரீனுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனமாயிற்று. சீதனம் என்றால் எதுவரை? சால்செட் தீவும் சேர்ந்ததுதான் என்றார்கள் ஆங்கிலேயர்கள். பம்பாய்த் தீவு மட்டும்தான் என்றார்கள் போர்த்துகீசியர்கள். 1665ல் தீவு மட்டும் கைமாறியது. 1668ல் வருஷத்துக்குப் பத்து பவுன் வாடகைக்கு மன்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். எல்லை நம் பேட்டையின் வழியே ஓடியது. நாம் சயான் என்று சொல்லும் இடத்துக்கு மராத்தியில் 'சீவ்' என்று பெயர். அதற்குப் பொருளே எல்லை. சயான் கோட்டையும் ரீவா கோட்டையும் அந்த எல்லைக் கழியைக் காவல் காக்கக் கட்டப்பட்டவை. கவர்னர் ஜான் ஹார்ன் 1737ல் கட்டச் செய்ததாக ரீவா கோட்டையில் கல்வெட்டு இருக்கிறது.

நம் மூன்று பேட்டைகள்

கணிப்பொறியில் பழைய படத்தின் மேல் இன்றைய தெருக்களை மெல்லிய கோடுகளாகப் போட்டுப் பார்த்தபோது, மூன்று பேட்டைகளுக்கும் மூன்று வெவ்வேறு கதைகள் தெரிந்தன. எல்லாமே கடலைத் தூர்த்த இடம் என்று சொல்வது தவறு.

முதலில் மாட்டுங்கா. இது பரேல் தீவின் உட்பகுதி, கடலல்ல. மாஹிமில் ஆண்ட பீமதேவ ராஜாவின் யானைகளை இங்கே கட்டியிருந்ததால் 'மாதங்கம்' என்பதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பழைய படங்களில் இது தாழ்ந்த வயல்வெளி. 1896ல் பிளேக் வந்து நகரம் நடுங்கிய பிறகு, 1898ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் என்று வயல்களை மனைகளாகப் பிரித்து, அகலமான சாலைகளும் வட்டப் பூங்காக்களும் போட்டது அந்த டிரஸ்ட்தான். கிங்ஸ் சர்க்கிள் அதன் பயனே. நம்மவர்கள் வந்து குடியேறி, 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தது எல்லாம் அதற்குப் பிறகு. வயல் தாழ்ந்திருப்பது இயற்கை; மழைநீர் நின்று மெல்ல வடிவதற்காகவே அது வயலாக இருந்தது. அந்தத் தாம்பாளத்தின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டோம். சுற்றியுள்ள மேட்டுத் தண்ணீரெல்லாம் அங்கே வருகிறது. அந்த நேரம் பார்த்துக் கடலும் ஏறியிருந்தால் சாக்கடையின் வாயைக் கடலே மூடிவிடுகிறது. தண்ணீர் போக வழியில்லை. பக்கத்து ஹிந்த்மாதா வட்டாரத்தில் மாநகராட்சி பூமிக்கடியில் பெரிய தொட்டிகளைக் கட்டி, கடல் இறங்கும்வரை மழைநீரைத் தேக்கி வைக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. பழைய வயல் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இன்று கோடிகள் செலவழித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது தாராவி. இங்கே மீனவர் குடியிருப்பான கோளிவாடா மிகப் பழமையானது. அதற்கு வடக்கே மாஹிம் கழியின் சேறும் கண்டல் செடிகளும்தாம். ரீவா கோட்டை அந்தக் கழியின் கரையில் நிற்கிறது; இன்று போய்ப் பார்த்தால் கோட்டையைச் சுற்றிக் கூரைகள்தாம், தண்ணீரைத் தேட வேண்டியிருக்கிறது. கழிக்கு முதல் தடை வந்தது கவர்னர் ஜோனதன் டங்கன் காலத்தில். 1803ல் சயானையும் குர்லாவையும் இணைக்கும் கரைச்சாலை போட்டார்கள். 1845ல் மாஹிம் கரைச்சாலை திறக்கப்பட்டது. சுங்கமில்லாமல் மக்கள் கடக்க வேண்டும் என்று ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் அம்மையார் கொடுத்த பணத்தில் கட்டியது அது. கடக்கும் ஜனங்களுக்கு நன்மைதான். கழிக்குள் கடல் ஏறி இறங்குவது குறைந்து, சேறு படிந்து, கோளிகளின் மீன்பிடித் தொழில் நலிந்தது. அந்தச் சேற்றின் ஓரத்தில்தான் ஊருக்குள் யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழில் வந்து அமர்ந்தது; அதோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் மக்களும் வந்தார்கள்.

மூன்றாவது செம்பூர். இது பம்பாய்த் தீவில் சேர்ந்ததே அல்ல. சால்செட்டுக்குக் கிழக்கே தனியாக இருந்த டிராம்பே தீவின் மேற்கு ஓரம். குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே பழைய படங்களில் கழியும் சதுப்பும் கிடக்கின்றன. 1906ல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில் பாதை போட்டார்கள். அதில் பயணிகள் வண்டி ஓடியது 1924ல்தான். நகரத்துக் குப்பையைக் கொட்டும் இடமாக 1927ல் தேவனார் ஆரம்பமாயிற்று. செம்பூரில் மேட்டில் இருக்கும் தெருவுக்கும் குர்லா பக்கத்துத் தாழ்ந்த தெருவுக்கும் மழைக்காலத்தில் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு, தீவு எங்கே முடிந்தது, சதுப்பு எங்கே தொடங்கியது என்ற கோடு விடை சொல்லும்.

தண்ணீர் படித்த படம்

2005 ஜூலை 26ஐ நம்மில் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரை எடுத்துக்கொண்டு சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழியில் விழும் மித்தி நதி அன்று கரை கடந்தது. குர்லா, கலீனா, தாராவி ஓரங்கள் மூழ்கின. மகாராஷ்டிரத்தில் பலியானவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அன்று வெள்ளம் நின்ற இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய படத்தைப் பாருங்கள். சதுப்பு என்று புள்ளி வைத்துக் காட்டியிருக்கும் இடங்களுக்கு நதி திரும்பி வந்திருப்பது தெரியும். அந்தச் சதுப்பின் பெரும் பகுதியில்தான் 1970களின் பிற்பகுதியிலிருந்து பாந்த்ரா - குர்லா காம்ப்ளெக்ஸ் எழுந்தது. நதியின் வாயை நெருக்கியவர்கள் குடிசைவாசிகள் மட்டும்தான் என்று பேசுவது வழக்கம். படத்தை மேலே போட்டுப் பார்த்தால் கண்ணாடி மாளிகைகள், விமான நிலையத்து ஓடுபாதை, சாலைகள் எல்லாமே அந்தப் பழியில் பங்கு கேட்டு வரிசையில் நிற்கின்றன.

கோளிகள் இதையெல்லாம் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிறந்த மண் அது, பாட்டன் சொன்னது. நாம் வந்தவர்கள். சொந்த ஊரில் எந்த வாய்க்கால் எந்த ஐப்பசியில் உடைக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே மூன்று தலைமுறை இருந்தும், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கிரவுண்ட் ஃப்ளோரில் வீடு வாங்குகிறோம்.

படத்தில் இல்லாதவர்கள்

பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பழைய தாளில் தாராவியின் வடபகுதி சதுப்பு. இன்றைய படத்தில் அதே இடம் தெருவும் சந்தும் பள்ளியும் கோயிலுமாக நெருங்கிக் கிடக்கிறது. சதுப்பு எப்படித் தெருவாயிற்று? மாட்டுங்காவுக்கு டிரஸ்ட் வந்து திட்டம் போட்டது. தாராவிச் சேற்றுக்கு அப்படி யார் வந்தார்கள்?

தாராவியில் வயது எண்பதைத் தாண்டிய நெல்லைப் பெரியவர் ஒருவரிடம் கணிப்பொறியிலிருந்து எடுத்த பிரதியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது சரிதான். இங்கன ரோடு ஏது? பலகை போட்டுத்தான் நடப்போம். கடல் ஏறிச்சுன்னா பலகையும் மிதக்கும். குப்பை, மண்ணு, சாம்பல்னு கெடைச்சதையெல்லாம் கொண்டாந்து கொட்டினோம். ஒரு மழைக்கு அரை அடி இறங்கிரும், மறுபடி கொட்டுவோம். எங்கம்மா சுமந்திருக்கா, நான் சுமந்திருக்கேன். இந்த மண்ணு கெவர்மெண்டு கொடுத்ததில்ல தம்பி, நாங்க போட்டது" என்றார்.

இரண்டு தாள்களுக்கும் இடையில் இருக்கும் உழைப்பு எந்தப் படத்திலும் பதிவாகவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அந்த உழைப்பின் அளவு எத்தனை ஏக்கர் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பெரியவர் சொன்னது வெறும் பெருமைப் பேச்சல்ல என்பதற்கு டிக்கின்சன் அளந்த தாள் சாட்சி.

இது இப்போது ஏன் முக்கியம்? தாராவிச் சீரமைப்புத் திட்டத்துக்காக 2024ல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். லேசர் கதிரால் அளக்கும் கருவிகளும் டிரோன்களும் கொண்டு, சந்து சந்தாக, மாடி மாடியாகப் படம் எடுத்தார்கள். ஃப்ரையரும் டிக்கின்சனும் கனவிலும் காணாத துல்லியம்! இத்தகைய புதுப் படத்தின் அடிப்படையில்தான் யாருக்கு எங்கே வீடு என்பது தீர்மானமாகும். படம் என்பது எப்போதுமே யாருக்கோ எதற்கோ வேண்டி எடுப்பது. காஃப் படம் எடுத்தவர்களுக்கு ஸ்காட்லாந்து முக்கியமில்லை, ஸ்காட்லாந்து கோணலாயிற்று. வரி வசூலுக்கு அளந்தவர்களுக்குச் சேறு முக்கியமில்லை. சேற்றின் ஓரத்தில் குடிசை இருந்தாலும் அது படத்தில் ஏறவில்லை. இன்றைய கருவி சுவர் எங்கே இருக்கிறது என்று விரற்கடை பிசகாமல் சொல்லும். அந்தச் சுவர் நிற்கும் தரையை யார் மேடாக்கினார்கள் என்று சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால், நல்ல பழைய படம் ஒன்றை எடுத்துத் தங்கள் கட்டடம் எங்கே விழுகிறது என்று பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. வீடு வாங்குமுன் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் இதையும் பாருங்கள். சதுப்பு என்று தெரிந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. மின்சார மீட்டர்களையும் தண்ணீர்ப் பம்பையும் தரையோடு வைக்காமல் உயர்த்தி வைக்கும்படி சொஸைட்டியில் எடுத்துச் சொல்லலாம். பத்திரங்களையும் சான்றிதழ்களையும் அடித்தட்டில் வைக்காமல் பரணில் வைக்கலாம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பழைய தாள் நூலகத்தில் பத்திரமாக இருக்கும். பலகை மேல் நடந்தவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஒரு பிரதியை நீட்டி, எந்த வருஷம் வந்தார்கள், அப்போது தண்ணீர் எதுவரை வரும், கிணறு எங்கே இருந்தது, எந்தத் தெருவை யார் தூர்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பழைய ரேஷன் கார்டு, வாடகை ரசீது, பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதோடு சேர்த்து வையுங்கள். குண்டூசி குத்தக் கோட்டையும் குன்றும்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு கிழவியின் ஞாபகமும் நகராத இடம்தான்.

அத்தைக்கும் பதில் சொல்லிவிட்டேன். "அது வயல், அத்தை. நம்ம ஊர் வயல் மாதிரியே தண்ணி நிக்கற இடம். அதுமேல வீடு கட்டிண்டு உட்கார்ந்திருக்கோம்" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வயல்ல தண்ணி நிக்கத்தாண்டா நிக்கும். அதைப் போய் டி.வி.யில காட்டறானே" என்றாள்.